கழித்த முப்பது

நடு நாற்காலியில் நடுநாயகமாக வீற்றிருக்கும் இன்றைய விழாத் தலைவர், இந்தச் சலவை ஆலையின் முன்னாள் சூப்பர்வைசர் அவர்களே, அவருக்கு வலப்பக்கம் அமர்ந்திருக்கும், ஆயிரம் இதயங்களின் ரகசியம் அறிந்தும் அளந்தே பேசும் எங்கள் டாக்டரம்மா அவர்களே, இடப்பக்கம் ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் மருந்தறைத் தம்பி அவர்களே, கதவோரம் நிற்கும், நாற்காலி கொடுத்தாலும் உட்காராத பாய்லர் அண்ணன் அவர்களே, முன்வரிசையில் ஆளுக்கு ஒரு நாற்காலி போதாமல் அமர்ந்திருக்கும் இஸ்திரிக் கூடத்துத் தாய்மார்களே, சிரிக்காதீர்கள், நானும் உங்களில் ஒருத்திதான், என் மருமகனே, என் மகளே, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

வணக்கத்தோடு ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மாவையும் மருமகனையும் தவிர, நான் பேர் சொல்லாமல் முறை சொல்லி அழைத்த அத்தனை பேரும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு இந்த ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார்கள். யார் எங்கே நின்றார்கள் என்று சொல்லட்டுமா? தலைவர் அவர்கள் வாசலில், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. மருந்தறைத் தம்பி மேசைக்குப் பின்னால். பாய்லர் அண்ணன் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், குடிக்க வந்தவர், குடித்துவிட்டும் போகாதவர். வரிசையில் நாங்கள் பதினோரு பெண்கள். நான் மூன்றாவது. என் மகள் எனக்குப் பின்னால் நாலாவது ஆள், மொத்தத்தில் ஏழாவது. அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. அந்தக் காலைப்பொழுதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் படித்தது நான்காம் வகுப்பு. எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இருபத்தாறு ஆண்டு இஸ்திரி போட்டவளுக்குப் பத்து நிமிடம் என்றால் நான்கு படுக்கை விரிப்பு. இன்று எனக்கு எட்டு விரிப்பு நேரம் வேண்டும். மணி அடிக்கக் காத்திருப்பவர் மணியைக் கீழே வைத்துவிடலாம்.

அன்பானவர்களே, இந்தக் கைகளைப் பாருங்கள். இடது கை என் அம்மா பெற்ற கை. வலது கை இந்த ஆலை பெற்ற கை. ஆறு கிலோ இஸ்திரிப்பெட்டியை ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் முறை இழுத்தது, எத்தனை ஆயிரம் முறை தள்ளியது என்று எந்தக் கணக்குப்பிள்ளை எண்ணினான்? என் தசை எண்ணியது. எண்ணி எண்ணித் தடித்தது. சட்டை தைப்பவர் எங்களைக் கண்டாலே கேட்பார், "இஸ்திரிக் கூடமா? வலது கைக்கு ரெண்டு விரல் கூட வைக்கணுமே." வெட்கப்பட்டோமா? இல்லை. உழைத்த கை உருண்டது, உருண்ட கை உயர்ந்தது என்று தலை நிமிர்ந்து நடந்தோம்.

பின்னால் டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்தது, தசை தடிக்கும்போது உள்ளே புதிதாக ஆள் சேர்வதில்லையாம். ஏற்கனவே இருக்கும் ஒவ்வொரு இழையும் சுமைக்குத் தகுந்தபடி தானே பருக்கிறது. வேலைக்கு ஆள் போடாமல் இருக்கிற ஆளையே இரண்டு ஷிப்ட் பார்க்க வைப்பது போல. நமக்குப் புரியாத விஷயமா இது?

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

ஆண்டுக்கு ஒரு முறை ஆலையில் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். கையில் ஒரு பட்டையைச் சுற்றி, காற்றடித்து, எண் பார்த்து எழுதுவார்கள். என் வலது கையை நீட்டினேன். பட்டை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. தம்பி இழுத்துப் பிடித்து, முழங்கையால் அமுக்கி, எப்படியோ காற்றடித்தான்.

"நூத்தி அறுபத்துநாலு காட்டுதுங்க," என்றான்.

வாசலில் இருந்து சூப்பர்வைசர் சொன்னார்: "கை எவ்வளவு தடிப்பா இருக்குன்னு பாரு. தடிச்ச கைக்கு எண் கூடத்தான் காட்டும். முப்பது கழிச்சு எழுது."

"முப்பதாங்க?"

"ஈரத் துணியை எடை போட்டா தண்ணிக்குன்னு கழிக்கிறமா இல்லையா? அதே மாதிரிதான். எழுதுப்பா, அடுத்த ஷிப்ட் ஆரம்பிக்கப் போகுது."

எங்களுக்கு அது எவ்வளவு நியாயமாகப் பட்டது தெரியுமா? இந்த ஆலையில் ஈரத்துக்குக் கழிக்காமல் எதையாவது எழுதியிருக்கிறோமா? வண்டியில் வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் கழிவு உண்டு. துணிக்குக் கழிவு இருக்கும்போது தோலுக்குக் கழிவு இருக்கக்கூடாதா? சிரித்துக்கொண்டு கையை நீட்டினோம். வரிசையில் கடைசியாக நின்றவள், இதோ இரண்டாவது நாற்காலியில் இருக்கிறாளே, இவள்தான், "சார், நான் குண்டு. எனக்கு நாப்பதா கழிச்சிருங்க" என்றாள். கூடமே சிரித்தது. பாய்லர் அண்ணனுக்குத் தண்ணீர் புரையேறியது.

எனக்கு நூற்று முப்பத்துநான்கு என்று எழுதினார்கள். என் மகளுக்கு நூற்று ஐம்பத்தெட்டு காட்டியது. நூற்று இருபத்தெட்டு என்று எழுதினார்கள். பதினோரு ஆண்டு இப்படி எழுதினார்கள். இஸ்திரிக் கூடம் முழுக்க ஆரோக்கியம் பொங்கி வழிந்தது, தாளில்.

தாய்மார்களே, ஈரத்தைக் கழிக்கலாம். வெயிலில் போட்டால் அது தானே போய்விடும். ரத்தத்தின் அழுத்தத்தை எந்த வெயிலில் காயப்போடுவது?

அந்தப் பதினோரு ஆண்டின் கடைசி இரண்டு ஆண்டில் என் மகளுக்குக் கால் வீங்கியது. முகம் வெளுத்தது. "தூக்கம் சரியில்லம்மா, அதான்" என்றாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது அவளுடைய இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டிருந்தன. பல வருஷம் யாரும் கவனிக்காத அழுத்தம், உள்ளே இருந்த மெல்லிய குழாய்களைக் கெடுத்துவிட்டது என்றார்கள். வாரத்துக்கு மூன்று நாள் அவளுடைய ரத்தத்தை வெளியே எடுத்து, ஓர் இயந்திரத்தில் கழுவி, மறுபடி உள்ளே விட்டார்கள். சலவைக்காரி மகளின் ரத்தத்துக்கே சலவை. பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குழாய் சிவப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. "எங்கிட்ட ரெண்டு இருக்கு, ஒண்ணை எடுத்துக்குங்க" என்றுதான் வாய் வந்தது.

எடுத்துக்கொண்டார்களா? பரிசோதித்தார்கள். ரத்தம் பொருந்தியது. சிறுநீரகம் நன்றாக இருந்தது. கடைசியாக இதயத்தைப் பார்க்க டாக்டரம்மாவின் அறைக்கு அனுப்பினார்கள். மருமகனும் உடன் வந்தார். வந்தவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் மறக்கவில்லை மருமகனே. நீங்கள் பார்த்தது உப்பில்லாமல் சமைப்பது எப்படி என்றுதான், அது பிறகு தெரிந்தது. தெரிந்தும் மறக்கவில்லை.

டாக்டரம்மா சொன்னார்: "உங்க இதயத்தோட இடது சுவர் தடிச்சிருக்கும்மா. பதினஞ்சு மில்லிமீட்டர். பத்து, பதினொண்ணுக்குள்ள இருக்கணும். இந்த நிலைமையில நீங்க சிறுநீரகம் கொடுக்க முடியாது."

நான் விடுவேனா? என் வலது கையை மேசைமேல் வைத்தேன். "தடிப்புன்னா பலம்தானே டாக்டரம்மா? இதைப் பாருங்க."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இந்தக் கை வேலை முடிஞ்சா ஓய்வெடுக்குது. உங்க இதயம் எப்ப ஓய்வெடுத்துச்சு?"

நான் கையை மேசையில் இருந்து எடுத்துக்கொண்டேன். வாழ்க்கையில் நான் தோற்ற ஒரே வாதம் அது. குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அவர் ஒரு தாளில் படம் வரைய ஆரம்பித்தார். பாதி வரைவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. ஏன் தெரியுமா? அந்தப் படத்தை நான் இந்த ஆலையின் பின்புறத்தில் பார்த்திருக்கிறேன். பாய்லர் அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர்க் குழாயில் உப்புப் படிந்து வழி குறுகிப்போனது நினைவிருக்கிறதா? குழாயைச் சுத்தம் செய்யச் சொன்னோம். அண்ணன் என்ன செய்தார்? பெரிய மோட்டார் வைத்தார். தண்ணீர் வந்தது. கைதட்டினோம். குழாய் இன்னும் குறுகியது. அதைவிடப் பெரிய மோட்டார் வைத்தார். மறுபடி கைதட்டினோம். மூன்றாவது மோட்டார் புகைந்து கருகியபோது ஆலையே மூன்று நாள் நின்றது.

என்ன அண்ணே? நாலு நாளா? சரி, நாலு நாள். உங்கள் மோட்டார், நீங்கள் சொன்னால் சரி.

நம் உடம்புக்குள்ளும் ஒரு பாய்லர் அண்ணன் இருக்கிறார், ஐயா. குழாய்கள் இறுகி அழுத்தம் ஏறினால் அவர் குழாயைப் பார்ப்பதில்லை, மோட்டாரைப் பெரிதாக்குகிறார். இதயத்தின் கதவு குறுகினாலும் அதே வேலை. சில குடும்பங்களில் காரணமே இல்லாமல் பிறவியிலேயே தடிக்கிறதாம். தடித்த சுவர் முதலில் நன்றாகத்தான் தள்ளும். நமக்கு ஒன்றும் தெரியாது. பிறகு என்ன ஆகிறது? சுவர் உள்நோக்கித் தடிக்க, அறை சுருங்குகிறது. சுவர் இறுக, அறை விரிய மறுக்கிறது. விரியாத அறையில் ரத்தம் நிறையுமா? நிறையாத அறை எதை வெளியே தள்ளும்? வெளியே போகாத ரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலை நனைக்கிறது. தடித்த தசைக்கே போதிய ரத்தம் கிடைக்காமல் நெஞ்சு வலிக்கிறது, துடிப்பு தாளம் தப்புகிறது. மாடிப்படியில் பாதி வழி நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்ன சொல்கிறோம்? "வயசாச்சு" என்கிறோம். வயதின்மேல் பழி போட்டால் வயது வந்து சண்டை போடவா போகிறது?

இதயம் மட்டுமா? வழி குறுகினால் மூத்திரப்பையும் முக்கி முக்கிச் சுவர் தடிக்குமாம். நான் பேசத் தொடங்கியதிலிருந்து இரண்டு முறை எழுந்து வெளியே போய்வந்த பெரியவர் யார் என்று சொல்லமாட்டேன். அவரே டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த அறையில் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான். "தடிச்சது இளைக்குமா?"

"அழுத்தத்தை இறக்கினா இளைக்கலாம். எல்லாருக்கும் இளைக்காது. மாசக்கணக்கா ஆகும்மா."

"என் மக அது வரைக்கும் தாங்குவாளா?"

டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. "பாப்போம்" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தேன்.

காலையில் மாத்திரை, இரவில் மாத்திரை. உப்பு டப்பாவை மருமகன் கையில் கொடுத்து, "நான் கெஞ்சினாலும் தராதீங்க" என்றேன். நான் கெஞ்சினேன். அவர் தரவில்லை. அதையும் மறக்கவில்லை. மருத்துவமனை நடைக்கூடத்தில், மகளின் ரத்தம் கழுவப்படும் நாலு மணி நேரமும் நான் நடந்தேன். இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி, அந்தக் கோடியில் இருந்து இந்தக் கோடி. கண்ணாடி வழியாக அவள் பார்ப்பாள். "அம்மா, உக்காரும்மா, பாக்கவே தலை சுத்துது" என்பாள். "உனக்குச் சுத்துனா கண்ணை மூடிக்க" என்பேன்.

அந்த நாட்களில் ஒரு காலை, என் வீட்டுக் கதவைத் தட்டியவன் இதோ இந்த மருந்தறைத் தம்பி. உள்ளே வரவில்லை. படியிலேயே நின்றுகொண்டு ஒரு பொட்டலத்தை நீட்டினான். பிரிக்காத பிளாஸ்டிக் உறை. உள்ளே ஒரு பட்டை. அகலமான பட்டை.

"சார் ஓய்வு பெற்றுப் போன பிறகு அவரோட அலமாரியைக் காலி பண்ணச் சொன்னாங்கக்கா. அடியில இது இருந்துச்சு. தடிச்ச கைக்குன்னே மெஷின் கூட வந்த பட்டை. முதல் வருஷமே கேட்டேன். 'பட்டையெல்லாம் வரல, முப்பது கழி'ன்னார். சரியா அளந்தா பாதிப் பேரை இஸ்திரிச் சூட்டு வேலையில இருந்து மாத்தணும்னு அவருக்குத் தெரியும். நானும் அதுக்கப்புறம் கேக்கல. எழுதினது என் கைதான்க்கா."

நான் அவனை என்ன செய்தேன் என்று அவனைக் கேளுங்கள். நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஏசினேன். முடித்த பிறகு, "உள்ள வா, டீ குடி" என்றேன். மறுநாளில் இருந்து வேலைக்குப் போகும் வழியில் தினமும் வந்து, புதிதாக வாங்கிய அகலப் பட்டையால் என் அழுத்தத்தை அளந்து, காட்டிய எண்ணைக் காட்டியபடியே எழுதினான். ஒரு புள்ளி கூட்டவில்லை. ஒரு புள்ளி குறைக்கவில்லை. அதைத்தான் அன்றும் செய்திருக்க வேண்டும்.

நாலாவது மாதம் பார்த்தார்கள். சுவர் பதினான்கு. எட்டாவது மாதம். பதின்மூன்று. பதினோராவது மாதம். பன்னிரண்டு. அந்த இடைவெளியில் என் மகள் இரண்டு முறை நினைவிழந்து கண்ணை மூடினாள், இரண்டு முறை திறந்தாள். பதினான்காவது மாதம், இதயத்தைப் படம் பார்க்கும் கட்டிலில் இடப்பக்கம் சரிந்து படுத்துக்கொண்டு, டாக்டரம்மா முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அளந்தார். துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். மூன்றாவது முறையும் அளந்தார்.

"எவ்வளவுங்க? எதுவும் கழிச்சுச் சொல்லாதீங்க," என்றேன்.

"பதினொண்ணு," என்றார்.

பதினொன்று, தாய்மார்களே. பதினொன்று. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கில் அதைவிடக் குறைவாகத்தான் வந்தது. வாழ்நாளில் நான் வாங்கிய எண்களிலேயே உயர்ந்த எண் அது. டாக்டர்கள் எட்டுப் பேர் கூடிப் பேசினார்கள். இருவர் வேண்டாம் என்றார்கள். அந்த இருவரின் முகமும் எனக்கு நினைவிருக்கிறது. ஆறு பேர் சரி என்றார்கள்.

என் இடப்பக்கச் சிறுநீரகம் என் மகளிடம் போனது. இயந்திரம் நின்றது. அவள் கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி என்ன? "அம்மா, தண்ணி குடிக்கலாமா?" ஒன்றரை ஆண்டாகச் சொட்டுச் சொட்டாக அளந்து குடித்தவள். ஒரு முழு டம்ளர் குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்தேன். அரசர்கள் முடிசூடும்போது பார்த்தவர்களுக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

கதை இங்கே முடியவில்லை. எனக்குள் தனியாக நின்ற மற்றொரு சிறுநீரகம் என்ன செய்தது? ஜோடி போய்விட்டதே என்று சோர்ந்ததா? சுருங்கியதா? ஓராண்டு கழித்துப் படம் எடுத்தார்கள். பத்து சென்டிமீட்டர் இருந்தது பதினொன்றரையாக வளர்ந்திருந்தது. போனவளின் வேலையையும் சேர்த்துப் பார்க்கத் தன்னைத்தானே பெரிதாக்கிக்கொண்டது. நான் பயந்துபோய், "ஐயோ, இதுவும் தடிச்சிருச்சா?" என்றேன். டாக்டரம்மா முதல் முறையாகச் சிரித்தார். "இது நல்லதும்மா. இருக்கட்டும்."

அன்றுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. வளர்ச்சி குற்றமில்லை. பிள்ளைக்காகக் கருப்பை கைப்பிடி அளவில் இருந்து கூடையளவு வளர்கிறது, பிள்ளை வந்ததும் அடங்கிவிடுகிறது. துணைக்காகச் சிறுநீரகம் வளர்கிறது. உழைப்புக்காகக் கை வளர்கிறது. ஆனால் வழியை அடைத்துவைத்தவனை எதிர்த்து, ஓய்வே இல்லாமல், யாருக்கும் தெரியாமல் வளர்கிறதே ஒரு தசை, அது வளர்ச்சியா? அது வதை. அந்த வதையை வென்றவள் உங்கள் முன் நிற்கிறாள். இந்த மேடைக்கு ஒன்பது படி. எங்கும் நிற்காமல் ஏறினேன். என் பின்னால் என் மகளும் ஏறினாள், ஒரு கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு. எழுந்திரு, மகளே. எல்லாரும் பார்க்கட்டும். கை தட்டுகிறவர்கள் வலது கையால் பலமாகத் தட்டுங்கள், அது எதற்கு இருக்கிறது?

போதும், போதும். உட்காருங்கள். இன்று திறக்கப்படும் அழுத்தம் பார்க்கும் அறையில் இரண்டு அளவில் பட்டை இருக்கிறது. சுவரில் ஒரே ஒரு வரி எழுதச் சொன்னேன். "காட்டுவதை எழுது." அறையைத் திறந்துவைக்க நம் பழைய சூப்பர்வைசரைத்தான் அழைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். ஏன் என்று எங்கள் தொழிலாளர் சங்கத்துப் பெண்கள் கேட்டார்கள். இப்போது காட்டுகிறேன்.

தலைவர் அவர்களே, கையை நீட்டுங்கள். தம்பி, பெட்டியைத் திற. இல்லை, அந்த உறை பிரிக்காத பழைய பட்டை வேண்டாம், அதன் ரப்பர் அலமாரியிலேயே செத்துப்போனது. அதைத் தலைவர் பார்க்கும்படி மேசைமேல் வை. அகலப் பட்டையும் வேண்டாம். இஸ்திரி தூக்காத கை, சாதாரணப் பட்டையே இரண்டு சுற்று வரும். காற்றடி.

எல்லாரும் கொஞ்சம் அமைதியாக இருங்கள்.

எவ்வளவு தம்பி? மைக்கில் சொல். நூற்று அறுபத்தெட்டாம்.

தலைவரே, முப்பது கழிக்கட்டுமா?

என்ன சொல்கிறார்? கேட்கவில்லை. "வேண்டாம்மா" என்கிறார். கேட்டீர்களா? இந்த ஆலையில் பதினோரு ஆண்டு கழிக்கச் சொன்ன வாயால் வந்திருக்கிறது. வேண்டாம். தம்பி, காட்டியதை அப்படியே எழுது. முதல் பக்கம், முதல் பெயர், முழு எண். டாக்டரம்மா, கிளம்புவதற்கு முன் இவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். தலைவரே, மாத்திரையைத் தவறாமல் போடுங்கள். உப்பைக் குறையுங்கள். என் சுவர் இளைத்தது போல உங்கள் சுவரும் இளைக்கட்டும். நீங்கள் நீண்ட நாள் வாழ வேண்டும் என்பதில் எனக்கு அக்கறை உண்டு.

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லாருக்கும் நன்றி. மணியைக் கீழே வைத்தவருக்கு நன்றி. மூன்றாவது மோட்டாரை எரித்த பாய்லர் அண்ணனை மன்னித்துவிட்டேன். வேண்டாம் என்ற இரண்டு டாக்டர்களையும் மன்னித்துவிட்டேன், முகம் மட்டும் நினைவில் இருக்கும். உப்பு தராத மருமகனை மன்னித்துவிட்டேன். எழுதிய கையோடு என் வாசலுக்கு வந்த மருந்தறைத் தம்பியை என்றோ மன்னித்துவிட்டேன்.

பதினொரு மில்லிமீட்டர் இதயத்தோடும், பதினொன்றரை சென்டிமீட்டர் சிறுநீரகத்தோடும், இன்னும் எத்தனை ஆண்டு இருப்பேனோ அத்தனை ஆண்டும் நான் மன்னிக்கப்போவதில்லை என்று இந்த மேடையில் ஒரே ஒருவருக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அகலப் பட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டிய சூப்பர்வைசர், இன்றைய விழாத் தலைவர் அவர்களே, உங்களுக்கு என் வணக்கம்.